ஏலத்துக்கு வராத சுறாக்கள்

நான் பிறந்து வளர்ந்தது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகும் தொலைவில். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். அம்மா விடியற்காலை ஏலத்தில் கூடை எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். ஆகையால் சுறா என்பது எனக்கு ஈரச் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடக்கும் சரக்கு. எடை, விலை, அதன்பின் புட்டு. 2018-இல் புதுச்சேரியில் ஸ்கூபா முக்குளிப்புக் கற்று, அறுபது முறைக்கு மேல் கடலுக்குள் இறங்கிய பிறகும், அந்தக் கலங்கல் நீரில் ஒரு சுறாகூட என் கண்ணில் பட்டதில்லை. பாரிமுனையில் சரக்குக் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் எனக்கு, இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, மாலத்தீவின் தென்கோடியில் படகிலேயே தங்கி நாளுக்கு மூன்று முறை கடலுக்குள் இறங்கும் பயணம் தகுதிக்கு மீறியதுதான். போதாக்குறைக்கு 2024 சனவரியில் இரு நாட்டு உறவும் கசந்து, "மாலத்தீவுக்கா போறீங்க?" என்று அலுவலகத்தில் முகம் சுளித்த வேளை அது. முன்பணம் நவம்பரிலேயே கட்டியாகிவிட்டது, திரும்பாது, ஆகவே போனோம். நாங்கள் என்றால் நானும், தண்டையார்பேட்டையில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் என் பள்ளித் தோழனும், பெரம்பூரிலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதியரும். அங்கே நாட்குறிப்பில் கிறுக்கியதைத் திரும்பி வந்து செப்பனிட்டு நாள்வாரியாகத் தருகிறேன்.

பிப்ரவரி 17, சனி. கூடூ

மாலேயிலிருந்து தெற்கே சிறு விமானத்தில் ஒரு மணிநேரம். கீழே கருநீலத்தில் வளையம் வளையமாக வெளிர்பச்சை. அட்டோல் என்று உலகம் முழுதும் வழங்கும் சொல் இவர்களுடைய திவேகி மொழியிலிருந்து போனது. எரிமலைத் தீவு ஒன்று மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதன் கரையைச் சுற்றிப் படர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டேயிருக்க, கடைசியில் மலை மறைந்து மோதிரம் மிஞ்சுகிறது என்று 1842-இல் டார்வின் விளக்கினார். பள்ளியில் படித்தபோது புரியாத அந்தப் பாடம் சன்னலோர இருக்கையில் அரை நிமிடத்தில் புரிந்தது.

கூடூவில் இறங்கியதும் தோழனின் சாமான் பையைக் காணவில்லை, மாலேயிலேயே தங்கிவிட்டது. மூச்சுக்குழாய், துடுப்பு, முகமூடி எல்லாம் அதற்குள். "இன்னா மச்சான், லுங்கியக் கட்டிக்கினு குதிக்கவா?" என்றான். படகின் வழிகாட்டி, முப்பது வயதிருக்கும் மெலிந்த இளைஞர், சிரிக்காமல் தம்முடைய சொந்த முகமூடியைக் கழற்றி அவன் முகத்தில் பொருத்திப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். மறுநாள் மாலை பை வந்து சேர்ந்தது. அதுவரை அந்த இளைஞர் ஓட்டை முகமூடியோடு இறங்கினார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெரிய படகில் உணவும் உறக்கமும். சிலிண்டர்களும் காற்றடைக்கும் இயந்திரமும் பின்னாலேயே வரும் சிறிய படகில். அந்தச் சிறிய படகை அவர்கள் 'தோனி' என்கிறார்கள். நம் தோணியேதான்.

பிப்ரவரி 18, ஞாயிறு. ஹுவாது அட்டோல், கிழக்குப் புறம்

ஹுவாது உலகின் மிகப் பெரிய அட்டோல்களுள் ஒன்று. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் ஒரே வளையத்துக்குள் அடக்கம். வளையத்தில் ஆங்காங்கே உள்ள வாய்களைக் 'கந்து' என்கிறார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல்நீர் கிழக்கு வாய்கள் வழியே உள்ளே பாய்கிறது. வெளிக்கடலின் தெளிந்த நீர் புகுவதால் அப்போது பார்வை முப்பது மீட்டருக்கும் மேல் எட்டுகிறது; அந்த ஓட்டத்தை எதிர்கொண்டு சுறாக்கள் வாயிலில் வந்து நிற்கின்றன. எனவே இங்கே முக்குளிப்பு என்பது ஓட்டத்தைக் கணித்துச் செய்யும் வேலை. வழிகாட்டி முதலில் தாம் மட்டும் குதித்துத் தண்ணீரின் இழுப்பைச் சோதித்துவிட்டு ஏறி வருவார், பிறகுதான் நாங்கள். வெளிப்புறத்தில் குதித்து, மேலே மிதக்காமல் உடனே தலைகீழாக இறங்கி, வாயின் விளிம்பில் செத்த பவளப்பாறையாகப் பார்த்துக் கொக்கியை மாட்டி, அதிலிருந்து நீளும் கயிற்றில் பட்டம்போல் ஆடிக்கொண்டு நிற்க வேண்டும். மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்டப்படி எல்லை 30 மீட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு என்பதால் காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும்.

வில்லிங்கிலி கந்துவில், காலை பத்தரை மணிக்கு, என் வாழ்வில் முதல் உயிருள்ள சுறாவைப் பார்த்தேன். ஒன்றல்ல, இருபத்திரண்டு வரை எண்ணினேன். சாம்பல் நிறச் சுறாக்கள் அந்த வெறிபிடித்த ஓட்டத்தில், எங்கள் முகமூடியையே பிடுங்கிவிடும் போலிருந்த இழுப்பில், வாலை ஒருமுறை அசைத்துவிட்டு அப்படியே நின்றன. என் மனம் முதலில் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எடை போட்டது. இது பதினெட்டு கிலோ, அது இருபத்தைந்து தேறும், அந்தப் பெண்சுறா சினை. அம்மாவோடு ஏலத்தரையில் நின்ற பழக்கம் அத்தனை ஆழத்திலும் விடவில்லை. எடை போடுவதை நான் நிறுத்தியது எப்போது என்று தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டிய முக்குளிப்புக் கணினி காற்றுத் தீர்வதை எச்சரித்தபோது நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன், அவற்றின் செவுள்கள் திறந்து மூடுவதை.

2010-இல் மாலத்தீவுக் கடல் முழுதும் சுறா பிடிக்கத் தடை வந்தது. இங்கே இத்தனை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 19, திங்கள். ஹுவாது, உள்காயல்

சாப்பாட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். காலை ஆறு மணி முக்குளிப்பு முடிந்து, உப்பு பூத்த உதட்டோடு ஏறி வந்தால் மேசையில் 'மஸ்ஹுனி': சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையால் பிசைந்தது. தொட்டுக்கொள்ள அல்ல, அள்ளிக்கொள்ள 'ரோஷி' என்னும் மெல்லிய ரொட்டி. மதியம் 'கருதியா', அதாவது சூரையை உப்பு நீரில் வேகவைத்த தெளிவான சாறு. சோற்றில் ஊற்றி மிளகாயைக் கிள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். முதல் நாள் நோயாளிக் கஞ்சிபோல் பட்டது, மூன்றாம் நாள் நானே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அதையே மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினால் கரிய களிம்பாக வரும் 'ரிஹாகுரு'. அதன் மணம் காசிமேட்டுக் கருவாட்டுச் சந்துக்கு நேர் உறவு. பெரம்பூர் ஆசிரியை மேசையை விட்டே எழுந்து போனார்.

சமையற்காரர் திருகோணமலைக்காரர். எங்கள் பேச்சைக் கேட்ட முதல் நாளே அடுப்பங்கரையிலிருந்து தலையை நீட்டி, "அண்ணா, நீங்கள் எந்த ஊர்?" என்றார். இராயபுரம் என்றதும் பேர் தெரியவில்லை. மெட்ராஸ் என்றதும் முகம் மலர்ந்தது. அதன்பின் எங்கள் நால்வருக்கு மட்டும் புளிக்குழம்பு தனியாக வந்தது. மாசிக் கருவாடு இங்கிருந்துதான் நம் கரைக்கு வந்தது என்பதை அவர் எனக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்: சூரையை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்து மரக்கட்டையாக்கியது. மண்ணடிக் கடைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நாட்டின் முதுகெலும்பு என்று அறிந்ததில்லை.

மாலையில் மீன்பிடிப் படகு ஒன்று அருகே வந்தது. வலையே இல்லை. உயிருள்ள சிறுமீன்களை வீசி, தண்ணீரைத் தெளித்துச் சூரைக் கூட்டத்தை மயக்கி, கொக்கியில் எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் வீசித் தளத்தில் போடுகிறார்கள். எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழ, அடுத்த நொடி தூண்டில் மீண்டும் தண்ணீரில். நம் இழுவலைப் படகுகளில் மேலே வரும் கழிவுக் குவியலை நினைத்துக்கொண்டேன், அதற்குள் அப்பாவின் குரல், "வயிறு ஒண்ணாடா எல்லாருக்கும்?" என்று கேட்பதுபோலவும் இருந்தது.

விலை நிலவரம்: படகில் ஒரு குவளை பீர் 7 டாலர், அதாவது ஏறத்தாழ 580 ரூபாய். தோழன் பட்டியலைப் படித்துவிட்டு இளநீருக்கு மாறினான்.

பிப்ரவரி 20, செவ்வாய். ஹுவாது, கொண்டே தீவு

இடது காது அடைத்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன். ஐந்து மீட்டரில் ஊசி குத்துவதுபோல் வலிக்க, திரும்பி ஏறிவிட்டேன். அழுத்திக்கொண்டு இறங்கியவர்கள் செவிப்பறையைக் கிழித்துக்கொண்ட கதைகள் தெரியும். கட்டிய பணத்தில் மூன்று முக்குளிப்பு போயிற்று.

தோணியில் முதிய படகோட்டியோடு உட்கார்ந்திருந்தேன். திருகோணமலைக்காரர் இடையில் மொழிபெயர்த்தார். அந்தப் பெரியவர் இளமையில் சுறா பிடித்தவர். இறைச்சிக்காக அல்ல, துடுப்பு ஏற்றுமதிக்கும், ஈரலின் எண்ணெய் படகு மரத்தில் பூசுவதற்கும். எங்கள் தாத்தாவும் கட்டுமரத்துக்குச் சுறா எண்ணெய் பூசியவர் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பதுபோல் நடித்தார், இன்னும் வாடை இருக்கிறதா என்று. பிறகு இருவரும் நெடுநேரம் பேசவில்லை. நான் கேட்டது ஒன்றே: பிடிப்பது எளிதா, காட்டுவது எளிதா? அவர் யோசித்து, "பிடித்தது இரவில், இது பகலில், தூக்கம் கிடைக்கிறது" என்றார்.

பிப்ரவரி 21, புதன். நிலநடுக்கோடு

ஹுவாதுவை விட்டுத் தெற்கே நடுக்கோட்டுக் கால்வாய். பக்கவாட்டு அலை. காசிமேட்டில் நான்கு தலைமுறையாகக் கடலில் பிழைத்த குடும்பத்தின் பிள்ளை, படகின் பின்புறக் கம்பியைக் கட்டிக்கொண்டு காலைச் சாப்பாட்டை முழுதாகக் கடலுக்குக் கொடுத்தேன். பெரம்பூர்த் தம்பதியர் நிழலில் அமர்ந்து சீட்டாடினார்கள். "டேய், ஊர்ல சொல்லமாட்டேன், ஐந்நூறு ரூபா எடு" என்றான் தோழன். சமையற்காரர் உப்பிட்ட எலுமிச்சைத் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார். அரை மணியில் எழுந்து உட்கார்ந்தேன். கோட்டைக் கடந்த தருணத்தில் மணியடித்தார்கள் என்று கேள்வி. நான் கண்ணை மூடியிருந்தேன். நல்லவேளையாகக் காது மட்டும் அந்த ஆட்டத்தில் எப்படியோ திறந்துகொண்டது.

பிப்ரவரி 22, வியாழன். ஃபுவமுலா

இது வளையமே இல்லாத ஒற்றைத் தீவு. காயல் கிடையாது, கரையை விட்டால் நேராகப் பாதாளம். உள்ளே நன்னீர் ஏரிகள் இரண்டு இருக்கின்றன. மீனவர்கள் துறைமுகத்து வாயில் சூரைத் தலையையும் குடலையும் வீசி வீசிப் புலிச்சுறாக்கள் அங்கேயே சுற்றப் பழகிவிட்டன. நம் மீன் சந்தையின் மேல் பருந்துகள் வட்டமிடுவது எப்படியோ அப்படி.

பத்து மீட்டர் ஆழம்கூட இல்லை. வழிகாட்டி சூரைத் தலைகளைப் பாறைக்கடியில் செருகி வைத்தார். நாங்கள் பின்னால் ஒரே வரிசையாக, தாழ்வாக. விதிகள் முன்பே சொல்லப்பட்டன: கண்ணை எடுக்காதே, முதுகைக் காட்டாதே, கையை ஆட்டாதே, அது நெருங்கினால் பின்வாங்காதே. பிறகு நீலத்திலிருந்து ஒரு நிழல் கெட்டியானது. நான்கு மீட்டர் நீளம், வயிற்றுச் சுற்றளவு எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவு, பக்கத்தில் மங்கிய வரிகள். அது விரையவில்லை. கடைத்தெருவில் தெரிந்த முகம் ஏதும் உண்டா என்று பார்த்தபடி போகும் பெரிய மனுஷியைப்போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தது. என் முன்னால் கை நீட்டும் தொலைவில் கடந்தபோது எடை போட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எங்கள் ஏலத் தராசு அதற்குப் போதாது.

ஆனாலும் ஒரு நெருடல். இரை வைத்து வரவழைப்பதை முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. கந்துவில் நாங்கள்தான் சுறாக்களின் இடத்துக்குப் போனோம். இங்கே நேரம் குறித்து அவற்றை அழைக்கிறார்கள். இந்தக் குறையைச் சொன்னபடியே மறுநாள் மீண்டும் இறங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 23, வெள்ளி. ஃபரிகெடே

முழுநிலவு நாளை. நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் பெருகி, நீரோட்டம் நாளுக்கு நாள் முறுகிக்கொண்டே வந்தது. தீவின் தெற்கு முனையில் காலை இறங்கினோம். இருபத்தைந்து மீட்டரில், தன் உடலளவு நீண்ட வாலைச் சவுக்குபோல் இழுத்துக்கொண்டு ஒரு சுறா போயிற்று. அதைப் பார்த்தபடி தோழனும் நானும் வழிகாட்டியின் கையசைவைக் கவனிக்கத் தவறினோம். திரும்பியபோது அவர்களைக் காணோம், பாறையையும் காணோம். விதிப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஆரஞ்சு நிற மிதவையை ஊதி மேலே அனுப்பி, நாங்களும் ஏறினோம். தீவு ஒரு பச்சைக் கீற்றாகத் தொலைவில் தெரிந்தது. தோணி எங்கேயும் இல்லை.

நாற்பது நிமிடம். அலை ஒன்றரை மீட்டர் இருக்கும். முதல் பத்து நிமிடம் தோழன் கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொன்னான். பிறகு அவனும் அடங்கினான். எங்கள் சித்தப்பா ஒருமுறை இயந்திரம் பழுதாகி மூன்று நாள் மிதந்து ஆந்திரக் கரையில் ஒதுங்கியவர். அதைப்பற்றி அவர் எங்களுக்குச் சொன்னது பயத்தையோ பசியையோ அல்ல: "அலை மேலே தூக்கும்போது மட்டும் பாரு, பள்ளத்துல கெடக்கும்போது கண்ண மூடிக்க, கழுத்து மிச்சமாகும்." அதையே செய்தோம். முகட்டில் பார்வை, பள்ளத்தில் ஓய்வு, முகட்டில் மிதவையைத் தூக்கி ஆட்டுதல். இருவர் கைகளையும் கொக்கிக் கயிற்றால் பிணைத்துக்கொண்டோம். பத்து மணி வெயில் உச்சந்தலையில் ஏறியது.

கூரை மேல் நின்ற தோணிப் பையன்தான் எங்களை முதலில் கண்டான். ஏற்றிவிட்டு யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. துண்டு தந்தார்கள், தண்ணீர் தந்தார்கள். முதிய படகோட்டி என் தோளில் இரண்டு முறை தட்டினார், மாட்டைத் தட்டுவதுபோல். மாலைக் கூட்டத்தில் வழிகாட்டி, தாம் இன்னும் ஒருமுறை எண்ணியிருக்க வேண்டும் என்று தம்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். பிழை எங்களுடையது. அதை எழுந்து நின்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பிப்ரவரி 24, சனி. அட்டு அட்டோல், மாசி மகம்

கடைசி முக்குளிப்பு, ஏழு மணிக்கே. மறுநாள் விமானத்துக்கு முன் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஒரு நாளாவது வேண்டும். பிரிட்டிஷ் லாயல்ட்டி என்ற எண்ணெய்க் கப்பல் இங்கே 33 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. 1944 மார்ச்சில் செர்மானிய நீர்மூழ்கி ஒன்று அட்டோலின் வாய்க்கு வெளியே நின்றபடி, தடுப்பு வலையின் இடைவெளி வழியாகக் குண்டைச் செலுத்தி அடித்தது. 1946-இல் ஆங்கிலேயரே மூழ்கடித்தார்கள். 1914 செப்டம்பரில் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஆயா கெட்டிக்காரப் பையனை 'எம்டன்' என்றே திட்டுவார். இந்தக் குறிதவறாத வேலையையும் அந்தச் சொல்லால்தான் சொல்லத் தோன்றியது. கப்பலின் இரும்பெல்லாம் பவளம். சங்கராவும் களவாயும் அறை அறையாகக் குடியிருந்தன.

பிற்பகல் ஹிததூவில் தேநீர்க்கடை. மீன் பொதிந்த உருண்டை ஒன்று 5 ருஃபியா, நம் பணத்தில் 27 ரூபாய். அரசியல் கசப்பை எதிர்பார்த்தே உள்ளே போனேன். கடைக்காரர், "மெட்ராஸா?" என்று கேட்டு, தம் தாயாருக்குக் கண் அறுவை அங்கேதான் நடந்தது என்று சொல்லி, எவ்வளவு வற்புறுத்தியும் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலை அம்மா தொலைபேசியில்: "மகத்தன்னிக்குக் கடல்ல முழுக்குப் போடாம எங்கடா போய்க் கெடக்கிற?" ஒரு வாரமாக நாளுக்கு மூன்று முறை முழுகிக்கொண்டிருப்பதைச் சொன்னால் செல்லாது. இராயபுரத்தில் அந்நேரம் கரையெல்லாம் மக்கள் நிறைந்திருப்பார்கள். நிலவு கடலுக்குள்ளிருந்து செம்பாக எழுந்தபோது, தோழனும் நானும் ஆளில்லாத மணலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டோம். பிறந்ததிலிருந்து மாசி மகத்தன்று இடுப்பளவு நீரில் என் பாதம் எனக்குத் தெரிந்தது இதுவே முதல்முறை.

பிப்ரவரி 26, திங்கள். இராயபுரம்

நள்ளிரவு தாண்டி வீடு சேர்ந்தேன். அம்மாவுக்கு ஒரு கிலோ மாசி வாங்கி வந்திருந்தேன். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, கட்டை ஓசை வருகிறதா என்று கேட்டுப் பார்த்து, "நல்ல சரக்குதான், எவ்வளவு குடுத்த?" என்றார். சொன்னேன். "ஏமாந்துட்ட" என்றார்.

விடிந்ததும் அவரோடு காசிமேட்டுக்குப் போனேன். ஈரத்தரையில் பால்சுறாக்கள், முழங்கை நீளம், எட்டோ ஒன்பதோ. நான் குனிந்து ஒன்றின் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதற்குள் இரண்டை விலை பேசி முடித்துவிட்டார். மதியம் புட்டு. பூண்டும் மிளகும் தூக்கலாக, எப்போதும்போல. சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. மெல்லும்போது இடது காதில் மட்டும் இன்னும் தண்ணீர் நகரும் ஓசை கேட்டது.